கட்டிப்பால் கக்கிய பேனா

எழுதாத பேனாவைக் கழற்றிப் பார்ப்பவன் சாதாரண மனிதன். நன்றாக எழுதிக்கொண்டிருக்கும் பேனாவைக் கழற்றிப் பார்ப்பவன் வேறு இனம். நான் அந்த இனம். (என் மனைவி இதைப் படித்தால், "பேனா மட்டுந்தானா? சுவர்க் கடிகாரம்? தையல் மிஷின்?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஆகவே பேனாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி. கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். பெரிய கிராணி துரைக்கு மட்டும் பயப்படுவார். சின்னக் கிராணி துரையின் நாய் உட்பட எல்லாருக்கும் பயப்படுவான். விடிவதற்கு முன்னால், ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் பால்வெட்டு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட, நான் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஒரு கையில் பதிவேடு, மறு கையில் தொட்டு எழுதும் கட்டைப்பேனா. மைப்புட்டியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் புட்டியை நூலில் கட்டிக் கழுத்தில் தாயத்து மாதிரித் தொங்கவிட்டுக்கொள்வேன். குனிந்தால் சட்டையில் மை, நிமிர்ந்தால் வேட்டியில் மை. ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் குழந்தைகள் என்னை "மைக் கிராணி" என்று கூப்பிட்டார்கள். அதற்கு அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அப்போதுதான் ரப்பர் விலை ராக்கெட் வாணம் மாதிரி மேலே போனது. துரை மனம் குளிர்ந்து எல்லாருக்கும் கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்தார். ஆளுக்கொரு ஆசை. ஒருவர் கடுக்கன் வாங்கினார், ஒருவர் ஆடு வாங்கினார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஈப்போவுக்குப் பறந்தேன். குனோங் ராபாட் சுண்ணாம்பு மலைகள் பக்கத்தில் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மனசெல்லாம் ஊற்றுப்பேனா!

ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பாய் கடை வைத்திருந்தார். சிலேட்டு, காகிதம், மைத்தூள், பேனா எல்லாம் அங்கே கிடைக்கும். வெல்வெட் துணி விரித்த பெட்டியை அவர் திறந்தார் பாருங்கள், நான் மூச்சு விட மறந்துபோனேன். கறுப்பில் ஒன்று. சிவப்பும் கறுப்பும் மரக்கட்டையின் ரேகை போல ஓடிய ஒன்று. வளையம் போட்டது, போடாதது. எல்லாவற்றுக்கும் தங்க முள்.

"எழுதிப் பாத்து எடுங்க தம்பி. அழக மட்டும் பாத்து எடுக்காதீங்க," என்றார் பாய்.

எழுதிப் பார்த்தேன். வெகு நேரம் எழுதிப் பார்த்தேன். வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் பெயரைத்தான் எழுதிப் பார்ப்பார்களாம். நான் எழுதியது "இ". வரிசையாக "இ இ இ இ". பாய் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஏதும் வலிக்குதா?"

"இல்ல பாய். இந்த ஒரு எழுத்து எல்லாப் பக்கமும் வளையுது பாருங்க. முள்ளுல எந்த மூலையில பிசிறு இருந்தாலும் 'இ' காட்டிக் குடுத்துரும்."

பாய் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். (அல்லது பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். இரண்டுக்கும் முகம் ஒன்றுதான்.) பருத்த முள் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஆனால் தோட்டத்துக் காகிதம் மையைக் குடிக்கிற காகிதம், அதில் "இ" எழுதினால் பூசணிக்காய் ஆகிவிடும். ஊசி முள் காகிதத்தைக் கிழித்தது. நடுத்தரத்துக்கும் சற்று மெலிந்ததாக ஒன்று அகப்பட்டது. கறுப்பு உடம்பு, வயிற்றோரம் ஒரு சின்ன உலோகப் பிடி. முள்ளை மையில் முக்கி, அந்தப் பிடியைத் தூக்கி விட்டால் பேனா தானே மையை உறிஞ்சிக்கொள்ளும். அதில் எழுதினேன். அழுத்தவே வேண்டாம்! பேனாவின் சொந்தப் பாரமே போதும். காகிதத்தின் மேல் மை நடக்கவில்லை, மிதந்தது.

"இதேதான் பாய்!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது.

அதன் பிறகு நான் எழுதாதது எதுவுமில்லை. உப்பு ஜாடியில் "உப்பு" என்று எழுதினேன். சீனி ஜாடியில் "சீனி" என்று எழுதினேன். படிக்கத் தெரியாத கங்காணிக்குக் கடிதம் எழுதினேன். பெரட்டுக்களத்தில் கழுத்துப் புட்டி இல்லாமல் இளவரசன் மாதிரி நின்று, முழுப் பெரட்டையும் ஒரே மூச்சில், ஒரு தடவைகூட எதையும் தொடாமல் எழுதி முடித்தேன். வாரக் கடைசியில் வெந்நீர் ஆறவைத்துப் பேனாவுக்கு எண்ணெய்க் குளியல் தவிர மற்ற எல்லாக் குளியலும் நடக்கும்.

இந்த நிலைமையில்தான் கல்யாணப் பேச்சு வந்தது.

கோலா கங்சார்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாணிக்கம் என்று ஒரு பெரிய கிராணி. அவர் மகள் தனலெட்சுமி. அந்தப் பெண்ணை நான் அதற்கு முன்பே தைப்பூசத்தன்று ஈப்போ கோயிலில் பார்த்திருந்தேன். வளையல்காரனிடம் பேரம் பேசி, அவனையும் சிரிக்கவைத்து, அவன் சிரித்த சிரிப்பில் விலையையும் குறைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கே என் கதை முடிந்துவிட்டது. அக்கா வந்து, "அந்தப் பொண்ண உனக்குக் கேக்கலாமா?" என்றபோது, "உன் இஷ்டம்க்கா" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் போய்க் குதித்தேன்.

ஆனால் ஒரு சிக்கல்.

"அவரு ஜாதகம் அவ்வளவா பாக்க மாட்டாராம்டா. மாப்பிள்ளையோட கையெழுத்தத்தான் பாப்பாராம். எதிர்ல உக்கார வச்சு எழுதச் சொல்வாராம்," என்றாள் அக்கா.

விசாரித்தால் உண்மைதான். அழுத்தி எழுதுகிறவன் கோபக்காரன், இடம் விட்டு விட்டு எழுதுகிறவன் ஊதாரி, அடித்துத் திருத்துகிறவன் சொல் மாறுகிறவன். இது மாணிக்கம் அவர்களின் சாஸ்திரம். எழுத்து இடது பக்கம் சாய்ந்த குற்றத்துக்காகத் தைப்பிங் பையன் ஒருவனைக் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாராம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை! உலகத்தில் எத்தனையோ பரீட்சை இருக்க, எனக்கென்றே செய்த பரீட்சை! ஜாதகம் என் கையில் இல்லை, பேனா இருக்கிறதே!

பெண் பார்க்கக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் தோட்டத்து டிரஸ்ஸர் சவரிமுத்து வந்தான். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவன், என் உயிர்ச் சிநேகிதன். பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"மச்சான், இதுக்குள்ள என்ன இருக்கு?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கக் கூடாது.

"கித்தா மச்சான், கித்தா!" என்று துள்ளினேன். தோட்டத்தில் ரப்பருக்குக் கித்தா என்றுதான் பேர். "உள்ள ஒரு ரப்பர் பை. மேல உடம்பும் ரப்பர்தான், சுட்டுக் கல்லாக்குன ரப்பர். நம்ம காட்டுப் பாலு கப்பல் ஏறிச் சீமைக்குப் போயி, துரை மாதிரி கோட்டு மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்திருக்குலா!"

"எங்க, காட்டு."

கழற்றினேன். பென்சில் கனத்தில் ஒரு கறுப்புப் பை, முள் பக்கத்துக் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சவரிமுத்து தன் சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி இடுக்கியை எடுத்தான்.

"எப்படி ஒட்டியிருக்கான்னு பாக்கறேன்."

"மெதுவா மச்சான்."

"நான் எத்தன பேருக்கு முள்ளு எடுத்திருக்கேன். இதுவும் முள்ளுதானே?"

பிட் என்று ஒரு சத்தம். பையின் கழுத்தோரம் கிழிந்து வாயைத் திறந்தது. எங்கள் இரண்டு பேர் வாயும்தான்.

"தாப்பா மச்சான், ஒன்னும் ஆவாது," என்றான் அவன். (தாப்பா என்றால் மலாய் மொழியில் பரவாயில்லை. ஒன்றும் ஆகாது என்று டிரஸ்ஸர் சொன்னால் உயில் எழுதிவிட வேண்டும் என்பது தோட்டத்து அனுபவம்.) "ஈப்போவுக்குப் போயி வேற பை போடலாம்லா."

"இன்னைக்குக் கடை கிடையாது. காலையில ரயிலு."

கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். திடீரென்று மூளையில் சூரியன் உதித்தது. இன்றைக்கும் அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதற்கு அடுத்த நிமிஷத்தை நினைத்தால்தான் இல்லை.

"ஏன்டா சவரி, உலகத்துக்கே ரப்பர் குடுக்கறவங்க நாம. ஒரு ஓட்டைய அடைக்கச் சீமையிலருந்தா ஆள் வரணும்?"

ஓடிப் போய் ஒரு மங்கு நிறையப் பால் கொண்டுவந்தேன். மரத்தடியில் பால் பிடிக்கும் கிண்ணத்துக்குத்தான் மங்கு என்று பெயர். கிழிசலின் மேல் பாலைத் தடவி வெயிலில் காயவைத்தேன். மறுபடி தடவினேன். கொஞ்சம் இருந்தால் நல்லது, நிறைய இருந்தால் ரொம்ப நல்லது என்பது என் கொள்கை. ஆகவே பைக்குள்ளேயும் தாராளமாக ஊற்றி, சுழற்றி, மிச்சத்தை வடித்துவிட்டேன். சாயங்காலம் தண்ணீர் ஏற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை! நானும் சவரிமுத்துவும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். காலையில் நீலக்கறுப்பு மை ஏற்றி ஒரு வரி எழுதினேன். வெண்ணெய்!

ரயிலில் போகும்போதெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அக்கா, "நெஞ்சு வலியாடா?" என்று கேட்டாள்.

மாணிக்கம் அவர்களின் வீட்டில் எல்லாம் கோடு போட்ட மாதிரி இருந்தது. நாற்காலி கோட்டில், படங்கள் கோட்டில், அவர் மீசைகூட அடிக்கோல் வைத்து வெட்டியது போல. நெற்றியில் திருநீறு, அளந்து பூசிய மூன்று பட்டை. கதவு மறைவில் வளையல் சத்தம் கேட்டது. என் காது இரண்டும் அந்தப் பக்கமே திரும்பி நின்றன.

காப்பி வந்தது. காகிதமும் வந்தது.

"எழுதுங்க தம்பி."

"என்ன எழுதட்டும்ங்க ஐயா?"

"எதுவேணா எழுதுங்க. எனக்கு விஷயம் முக்கியமில்ல. எழுத்துதான் முக்கியம்."

நான் பேனாவை எடுத்தேன். எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். வாளை உருவுவது போல எடுத்தேன். அவர் புருவம் உயர்ந்தது.

"ஊத்துப்பேனாவா?"

"தினப்படி எழுதறதே இதுலதாங்க," என்றேன், வளையல் பக்கமும் கேட்கும்படி.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முள் ஓடும் அழகைப் பார்க்க மேசை மேல் குனிந்தார். நான் "இ" என்று ஆரம்பித்தேன். பாதி வளைவில் மை நின்றுவிட்டது.

உதறினேன். வரவில்லை. முள்ளைத் தட்டினேன். வரவில்லை. "இன்னைக்குக் கொஞ்சம் குளிரு," என்றேன். வெளியே வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. சரி, ஒரே ஒரு சொட்டு மையைப் பிடியைத் தூக்கி வெளியே தள்ளினால் ஓட ஆரம்பிக்கும் என்று பிடியை மெல்லத் தூக்கினேன். இறுகியிருந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் பலமாக.

டப்!

தங்க முள்ளும் அதைத் தாங்கிய கட்டையும் பீரங்கிக் குண்டாகப் புறப்பட்டு, அக்காவின் காப்பித் தம்ளரில் "டிங்" என்று இறங்கின. பின்னாலேயே கிளம்பிய மை நேராகப் போய், குனிந்திருந்த மாணிக்கம் அவர்களின் நெற்றியில், திருநீற்றுப் பட்டைகளின் நட்ட நடுவில், வட்டமாக உட்கார்ந்தது. வேண்டும் என்று வைத்தாலும் அவ்வளவு சரியாக வைக்க முடியாது. பேனாவின் வாயிலிருந்து நீல நிறத்தில் ஒரு புழு எட்டிப் பார்த்தது.

நான் அந்தப் புழுவைப் பிடித்து இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். இன்னும் வந்தது. அது நீண்டுகொண்டே போய், கை நழுவி, பட்டென்று சுருங்கி என் மூக்கில் அறைந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாலை உறைய வைக்க ஸ்டோரில் தினமும் தொட்டியில் ஆசிட் ஊற்றுகிறோம். ஊற்றுவதை மேற்பார்வை பார்ப்பவன் யார்? நான். நீலக்கறுப்பு மையில் என்ன இருக்கிறது? ஆசிட். இரும்பு முள்ளையெல்லாம் அரித்துத் தின்கிற ஆசிட். பச்சைப் பால் பூசிய பைக்குள் அதை ஊற்றி, நெஞ்சுச் சூட்டில் வைத்து, கோலா கங்சார் வரை குலுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு சின்ன ரப்பர் ஸ்டோரையே சட்டைப்பையில் நடத்தியிருக்கிறேன்!

"என்னது இது?" என்றார் மாணிக்கம் அவர்கள், நெற்றிப் பொட்டோடு.

பயத்தில் வாய் தானாகப் பேசியது. "கட்டிப்பாலுங்க ஐயா."

"என்னது?"

"கட்டிப்பாலு. நல்லா உறைஞ்சிருக்குங்க. ஸ்டோருல மொத தரத்துல எடுத்துக்குவாங்க."

கதவு மறைவில் ஒரு சிரிப்பு வெடித்தது. யாரோ வாயைப் பொத்திக்கொள்ள, அது மூக்கு வழியாக வந்தது. அதே சிரிப்பு, வளையல் கடைச் சிரிப்பு! அந்த அவமானத்தின் நடுவிலும் எனக்குள் ஒரு மத்தாப்பு எரிந்தது.

அவர் நியாயமான மனிதர். தன்னுடைய கட்டைப்பேனாவையும் மைப்புட்டியையும் என் முன்னால் நகர்த்தினார். "இதுல எழுதுங்க." கடைசிச் சந்தர்ப்பம். நான் தொட்டு, முழு மனசையும் விரலில் கொண்டுவந்து, மளமளவென்று பக்கம் முழுக்க எழுதி நீட்டினேன். அவர் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதல் வார்த்தை மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் கீறல். ஊற்றுப்பேனாவிலேயே எழுதிப் பழகியதில், ஒருமுறை தொட்ட பிறகு மறுபடி தொட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது!

"மிச்சத்த மனசுல படிச்சிக்கணுமோ?" என்றார். எழுந்து நின்றார். "போயிட்டு வாங்க. கடுதாசி போடறேன்."

கடுதாசி போடுகிறேன் என்றால் போடமாட்டேன் என்று அர்த்தம். திரும்பும் ரயிலில் அக்கா என்னைத் திட்டவில்லை. கைக்குட்டையில் முடிந்திருந்த தங்க முள்ளை என் மடியில் போட்டுவிட்டு, ஈப்போ வரும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

தோட்டத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தில் மறுபடியும் மைப்புட்டி ஏறியது. "போனாப் போகுது மச்சான், வேற பொண்ணு பாக்கலாம்," என்றான் சவரிமுத்து. "வேற பேனான்னு சொல்லு, கேக்கறேன். வேற பொண்ணுன்னு சொல்லாத," என்றேன். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கசப்பு மருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

இப்படியிருக்க, ஒரு நாள் பெரட்டு முடிகிற நேரத்தில் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டேய்! சம்மதம் சொல்லிட்டாங்கடா! உன்னையத்தான்! நாள் பாக்கச் சொல்லிட்டாங்க!"

நான் பதிவேட்டையும் மைப்புட்டியையும் கங்காணி கையில் திணித்துவிட்டு, அந்தப் பெரட்டுக்களத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடினேன். ஆட்கள் நான் பாம்பைப் பார்த்துவிட்டேன் என்று நினைத்து ஆளுக்கொரு கழி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

எப்படிச் சம்மதித்தார்? கல்யாணம் ஆன பிறகுதான் தனம் சொன்னாள்.

நாங்கள் கிளம்பியதும் அவர் நெற்றியைக் கழுவியிருக்கிறார். போகவில்லை. சோப்புப் போட்டிருக்கிறார். போகவில்லை. "எலுமிச்சம்பழம் இருந்தாக் கொண்டாம்மா, தேச்சாப் போயிரும்," என்று மகளைக் கேட்டிருக்கிறார். "வீட்டுல எலுமிச்சம்பழம் இல்லப்பா," என்றிருக்கிறாள் மகள். நீலக்கறுப்பு மையின் குணம், நேரம் ஆக ஆகக் கறுப்பது. விடிந்தபோது பொட்டு ஜம்மென்று கறுத்திருந்தது. மேலே திருநீறு பூசினார். வேர்வையில் திருநீறு போனது, பொட்டு நின்றது.

பெரட்டுக்களத்தில் அத்தனை பேரும் அவர் நெற்றியையே பார்த்தார்கள். கடைசியில் ஓர் அம்மாள் கேட்டுவிட்டாள், "ஐயா, நெத்தியில என்னங்க?"

அவருக்குப் பொய் வராது. "பொண்ணு பாக்க வந்த தம்பி வச்சிட்டுப் போனது," என்றாராம்.

அவ்வளவுதான். பால் நிறுக்கும் நேரத்துக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி: பெரிய கிராணி வீட்டில் மாப்பிள்ளை வந்து பொட்டு வைத்து நிச்சயம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்! பெண்ணுக்குப் பொட்டு வைப்பதுதான் நம் வழக்கம். மாமனாருக்கு வைத்திருக்கிறாரே, ரொம்பப் பெரிய இடம் போலிருக்கிறது! துரை கூப்பிட்டுக் கை குலுக்கினார். சாயங்காலம் லயத்துப் பெண்கள் தட்டில் பூவும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் மறுத்துச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் நெற்றி முந்திக்கொண்டது. அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தவர் மகளைக் கேட்டாராம்: "ஏம்மா, நீ என்ன சொல்ற?"

"ஊரே சொல்லிருச்சேப்பா," என்றாளாம் தனம், தலையைக் குனிந்துகொண்டு.

மறுவீட்டுக்குப் போனபோது, கை கழுவ அந்த வீட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடியில் ஒரு எலுமிச்சை மரம். இலை தெரியாமல் காய்த்துத் தொங்கியது. குனிந்துதான் அதைத் தாண்ட வேண்டியிருந்தது. நான் மரத்தைப் பார்த்தேன். தனத்தைப் பார்த்தேன். அவள் சொம்பை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

மாமனாருக்கு விஷயம் தெரிந்தபோது எங்களுக்கு மூன்று பிள்ளைகள். "அடிப்பாவி, மரத்த நட்டதே நான்தானே," என்றார், அவ்வளவுதான். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எலுமிச்சம்பழம் தனிப் பாஷை ஆகிவிட்டது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். பையன் நல்லவன்தான். ஆனால் வந்த வேகத்தில் பலகாரத் தட்டைத் தட்டிவிட்டு, பொறுக்கப் போய் மேசையையும் கவிழ்த்து, என் புதுப் பேனாவின் மேல் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில், "இவன் வேண்டாம்" என்று சொல்ல உள்ளே போனேன்.

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வீட்டுல எலுமிச்சம்பழம் இல்லப்பா," என்றாள்.